விடைக்குறிப்பு யார் கையில்?

(வட்டார வள மையத்தில் நடந்த சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'குடிமையியலில் மதிப்பீடு'. வினாத்தாள் திட்ட வரைவு, மதிப்பெண் பங்கீடு, கற்றல் விளைவுகள் எல்லாவற்றையும் காலை அமர்விலேயே விளக்கிவிட்டார்கள். அதையே திரும்பச் சொன்னால் சாப்பாட்டுக்குப் பிந்தைய இந்த நேரத்தில் உங்களை நான் தூங்க வைத்துவிடுவேன். அதனால் கொஞ்சம் தொலைவாகப் போய்வரலாம் என்று இருக்கிறேன். அமெரிக்காவுக்கு.

ஏன் அமெரிக்கா? தன் ஆட்சிமுறையைப் பற்றி மக்களிடம் கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் வேலையை அந்த நாடு பல காலமாக, ஒன்றுக்கொன்று நேர்மாறான நோக்கங்களுக்காகச் செய்துவந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவரைக் குடிமகனாகச் சேர்த்துக்கொள்ளக் கேள்வி கேட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்த குடிமகனை வாக்குச்சாவடிப் பக்கம் வரவிடாமல் தடுக்கவும் கேள்வி கேட்டது. மக்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்து பார்க்கக் கேட்டது. பள்ளிப் பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கக் கேட்டது. பாடப்பொருள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: அரசமைப்பு, நாடாளுமன்றம், அதிபர், நீதிமன்றம், உரிமைகள். கேட்டவர் யார், விடையைத் திருத்தியவர் யார் என்பதை வைத்து ஒரே பாடம் கதவாகவும் ஆனது, பூட்டாகவும் ஆனது. நாமும் கேள்வி கேட்டு விடை திருத்துகிறவர்கள். அதனால்தான் இந்தக் கதை நமக்கு வேண்டியிருக்கிறது.

முதலில் கதவைப் பார்ப்போம். என் சித்தப்பா மகள் அங்கே இருக்கிறாள். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, படிக்கக் கொடுத்த நூறு கேள்விகளையும் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, "அக்கா, இது நம்ம ஒரு மதிப்பெண் வினா மாதிரியேதான் இருக்கு, நீங்களே கேளுங்க, நான் சொல்றேன்" என்றாள். ஒரு வாரம் இரவில் அவளுக்குக் கேள்வி கேட்டேன். இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் வந்தது அப்படித்தான்.

அந்தத் தேர்வு எழுத்துத் தேர்வு இல்லை, வாய்மொழித் தேர்வு. 2008இல் திருத்தியமைத்த முறைப்படி மொத்தம் 100 கேள்விகள். அவற்றிலிருந்து அதிகாரி அதிகபட்சம் 10 கேட்பார். ஆறுக்குச் சரியாகச் சொன்னால் தேர்ச்சி. ஆறாவது சரியான விடை வந்ததும் நிறுத்திக்கொள்வார். நாட்டின் உயர்ந்த சட்டம் எது, அரசின் மூன்று பிரிவுகளில் ஒன்றைச் சொல்லுங்கள், உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள் என்ற வகைக் கேள்விகள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. ஆனால் நூறு கேள்விகளும் அவற்றுக்கு ஏற்கத்தக்க விடைகளும் முன்கூட்டியே அரசாங்கத்தாலேயே வெளியிடப்பட்டிருக்கும். பல கேள்விகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளை ஏற்றுக்கொள்வார்கள்.

வயதானவர்களுக்குச் சலுகையும் உண்டு. 50 வயதைத் தாண்டி, நிரந்தரக் குடியிருப்பு அட்டையோடு 20 ஆண்டு அங்கே வாழ்ந்தவருக்கும், 55 வயதைத் தாண்டி 15 ஆண்டு வாழ்ந்தவருக்கும் ஆங்கிலத் தேர்வு கிடையாது; குடிமையியல் கேள்விகளுக்குத் தன் தாய்மொழியிலேயே, மொழிபெயர்ப்பாளர் மூலம் விடை சொல்லலாம். நம் ஊரிலிருந்து மகனோடு போய்த் தங்கிவிட்ட ஒரு பாட்டி, 'சட்டம் இயற்றுவது யார்' என்ற கேள்விக்குத் தமிழிலேயே விடை சொல்லி அமெரிக்கக் குடிமகள் ஆகலாம். 65 வயதைத் தாண்டி 20 ஆண்டு வாழ்ந்தவருக்குக் கேள்வித் தொகுப்பே 20 கேள்விகளாகச் சுருங்கிவிடும்.

தேர்வு எழுதுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தேறிவிடுகிறார்கள். 'அப்படியானால் இது என்ன தேர்வு' என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே வர விரும்புகிறவர் வாசலில் நின்று நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வரட்டும் என்று வைத்த தேர்வு அது. எல்லோரும் தேற வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். நம் வளரறி மதிப்பீட்டின் நோக்கமும் அதுதானே!

ஆனால் இந்த எளிய தேர்வின் விடைக்குறிப்புக்குள்ளும் அரசியல் நுழைந்தது. 'ஒரு செனட்டர் யாருடைய பிரதிநிதி?' என்று ஒரு கேள்வி. 2008 விடைக்குறிப்பு, 'அந்த மாநிலத்தின் மக்கள் அனைவருக்கும்' என்றது. 2020 டிசம்பரில் புதிய தேர்வு வந்தது. கேள்விகள் 128 ஆயின. 20 கேட்டு, 12 சரியாக இருக்க வேண்டும் என்றார்கள். அதில் இதே கேள்விக்கு விடை, 'அந்த மாநிலத்தின் குடிமக்களுக்கு' என்று மாறியது. 'மக்கள்' என்ற இடத்தில் 'குடிமக்கள்'. ஒரு சொல்தான். ஆனால் அந்தக் கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தவர் யார்? வரி கட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, குடியுரிமைக்குக் காத்திருக்கும் ஒருவர். 'இந்தச் செனட்டர் உனக்குப் பிரதிநிதி இல்லை' என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறது அந்த விடை. பலத்த எதிர்ப்பு வந்தது. 2021 மார்ச்சில் பழைய 2008 தேர்வுக்கே திரும்பினார்கள். பிறகு 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு மறுபடியும் 128 கேள்விகள், 20க்கு 12 என்ற முறை வந்திருக்கிறது. ஆட்சி மாறும்போது வினாத்தாளும் மாறுகிறது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நாமும் பாடநூல்கள் மாறுவதைப் பார்த்தவர்கள்தான்.

இனி பூட்டுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே இருப்பவர்களில் பலர் மார்ட்டின் லூதர் கிங் பற்றிப் பாடம் நடத்தியிருப்பீர்கள். அவர் போராடியது எதை எதிர்த்து என்று கேட்டால், பேருந்து, உணவகம், பள்ளி என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஒரு வினாத்தாளை எதிர்த்தும் அந்த மக்கள் போராடினார்கள் என்பதை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை.

1870இல் வந்த 15ஆவது சட்டத்திருத்தம், இனம், நிறம் காரணமாக வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. தென் மாநிலங்கள் நேரடியாக மறுக்கவில்லை. தேர்வு வைத்தன. வாக்காளராகப் பதிவுசெய்ய வருபவர் எழுத்தறிவுத் தேர்வில் தேற வேண்டும். மாநில அரசமைப்பின் ஒரு பிரிவைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். சட்டப்படி வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே விதி. ஆனால் எந்தப் பிரிவைக் கொடுப்பது என்பது பதிவாளர் விருப்பம். மிசிசிப்பி மாநில அரசமைப்பில் 280க்கும் மேற்பட்ட பிரிவுகள் இருந்தன. ஒரு வரியில் முடிகிற எளிய பிரிவும் அதில் உண்டு. வக்கீலே தலையைச் சொறிகிற பிரிவும் உண்டு. சொன்ன பொருள் சரியா தவறா என்று முடிவுசெய்வதும் அதே பதிவாளர். விடைக்குறிப்பு எங்கும் அச்சிடப்படவில்லை. அது அவர் மனத்தில் இருந்தது.

இதெல்லாம் கேள்விப்பட்ட கதை இல்லை. 1966 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'தென் கரோலினா எதிர் காட்சன்பாக்' என்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, கீழ் நீதிமன்றங்களில் நிரூபணமான செய்திகளை அடிக்குறிப்பில் தொகுத்துக் கொடுத்தது. அதில் சில. மிசிசிப்பியின் பனோலா மாவட்டத்தில், 'சிக்கசா பள்ளி நிதி' என்ற ஒரு நிதிக்கு எவ்வளவு வட்டி என்பது பற்றிய பிரிவுக்கு விளக்கம் சொல்லும்படி கறுப்பின மக்களைக் கேட்டார்கள். அதே மாநிலத்தின் ஃபாரஸ்ட் மாவட்டத்தில் ஆறு கறுப்பினப் பட்டதாரிகளைத் தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் மூன்று பேர் முதுகலைப் பட்டமும் பெற்றவர்கள். லூசியானாவில் ஒரு வெள்ளையர், 'பேச்சுச் சுதந்திரம்' என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களை எழுத முயன்று, மூன்றையும் பிழையாக எழுதிவைத்தார். அதுவே அரசமைப்புக்குப் போதுமான விளக்கம் என்று அவரைத் தேர்ச்சி போட்டார்கள். அலபாமாவில் முதல் வகுப்பைக்கூட முடிக்காத ஒரு வெள்ளையருக்காகப் பதிவாளரே முழுப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்.

மூன்று முதுகலைப் பட்டதாரிகள் தோல்வி. மூன்று சொல்லையும் பிழையாக எழுதியவர் தேர்ச்சி. நாமெல்லாம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகிறவர்கள். ஒரு உதவித் தேர்வாளர் இப்படித் திருத்தினால் கூர்ந்தாய்வாளர் கண்டுபிடித்துவிடுவார், முதன்மைத் தேர்வாளர் கூப்பிட்டுக் கேட்பார். அங்கே கேட்க ஆளில்லை.

ஃபேனி லூ ஹேமர் என்ற பெண்மணியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பருத்தித் தோட்டத்தில் குத்தகைக்கு உழைத்த குடும்பம். 1962 ஆகஸ்ட் 31ஆம் தேதி, இன்னும் 17 பேரோடு இண்டியனோலா என்ற ஊருக்கு வாக்காளராகப் பதிவுசெய்யப் போனார். அரசமைப்பின் 16ஆவது பிரிவைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். அது 'டி ஃபாக்டோ' சட்டங்களைப் பற்றியது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். லத்தீன் சொல்! தோல்வி. வீடு திரும்பியதும், பதிவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் தோட்டத்தைவிட்டுப் போ என்றார் முதலாளி. அன்றிரவே 18 ஆண்டு உழைத்த இடத்தைவிட்டு வெளியேறினார். ஆனால் விடவில்லை. திரும்பப் போய் எழுதி 1963 ஜனவரியில் தேறினார். 1964இல் ஜனநாயகக் கட்சியின் மாநாட்டுக் குழுமுன் அவர் கொடுத்த சாட்சியத்தைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

ஃபேனி லூ ஹேமருக்குக் குடிமையியல் தெரியாது என்று அந்தத் தேர்வு சொன்னது. அந்த மாவட்டத்திலேயே குடிமையியல் நன்றாகத் தெரிந்தவர் அவர்தான் என்று நான் சொல்வேன்.

இந்த இடத்தில் நம் இனத்தைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் இனம் என்றால் ஆசிரிய இனம். செப்டிமா கிளார்க். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1898இல் பிறந்தவர். 18 வயதில் ஜான்ஸ் தீவு என்ற இடத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, சுமார் நாற்பது ஆண்டு ஆசிரியராக இருந்தார். கறுப்பின உரிமைகளுக்காகப் போராடிய ஒரு சங்கத்தில் அரசு ஊழியர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டபோது, சங்கத்தைவிட்டு விலக மறுத்தார். 1956இல் வேலை போயிற்று. ஓய்வூதியமும் போயிற்று. இருபது ஆண்டு கழித்துத்தான் ஓய்வூதியம் திரும்பக் கிடைத்தது.

அதே ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் ஆட்களை வேலைக்கு ஏற்றிச் செல்லும் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். பேருந்திலேயே அரசமைப்பின் பகுதியைப் பயணிகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். அதில் வந்த அலிஸ் வைன் என்ற பெண்மணி கேட்டுக் கேட்டே அதை மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் அவருக்குப் படிக்கத் தெரியாது. 'இது போதாது, எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்' என்றார். நம் வகுப்பிலும் இப்படிப் பிள்ளைகள் உண்டு. பத்தியை ஒப்பிப்பார்கள், அதே பத்தியில் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டினால் விழிப்பார்கள். வித்தியாசம் என்னவென்றால், அந்த அம்மாவே தன் குறையை வெளிப்படையாகச் சொல்லி மேலும் கேட்டார்.

1957 ஜனவரியில் கூட்டுறவுக் கடை ஒன்றின் பின்னறையில் முதல் 'குடிமைப் பள்ளி' தொடங்கியது. முன்னால் கடை இருந்ததால் வெள்ளையர் கண்ணில் படவில்லை. செப்டிமா கிளார்க் அந்தப் பள்ளிக்குத் தேர்ந்தெடுத்த ஆசிரியர் யார் தெரியுமா? பெர்னீஸ் ராபின்சன் என்ற அழகுநிலையக்காரர். பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டாம் என்று முடிவுசெய்தே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பி.எட். முடித்த நமக்குச் சற்றுக் கசக்கத்தான் செய்யும். ராபின்சன் முதல் நாள் தொடக்கப்பள்ளிப் பொருட்களைக் கொண்டுபோனார். வந்திருந்தவர்களோ வயல்வேலை செய்யும் பெரியவர்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு, 'உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும்' என்று அவர்களிடமே கேட்டார். கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். கடை விலைப்பட்டியல் புத்தகத்தைப் பார்த்துப் பொருள் வாங்க வேண்டும் என்றார்கள். வாக்காளராகப் பதிவுசெய்ய வேண்டும் என்றார்கள். பாடத்திட்டம் அதுவே ஆனது. அரசமைப்புப் பகுதியும் அதோடு சேர்ந்தே வந்தது. அங்கே படித்தவர்கள் தேர்வில் தேறி வாக்காளர் பட்டியலில் ஏறினார்கள். பக்கத்துத் தீவுகளும் பள்ளி கேட்டன. பிறகு அது தென் மாநிலங்கள் முழுவதும் பரவியது.

1965 ஆகஸ்ட் 6ஆம் தேதி வாக்குரிமைச் சட்டம் வந்தது. அந்தத் தேர்வுகளைத் தென் மாநிலங்களில் நிறுத்திவைத்தது. 1970இல் தடை நாடு முழுவதற்கும் வந்தது, 1975இல் நிரந்தரமானது. சட்டத்துக்கு முன் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களில் பதிவுபெற்றவர்கள் 6.7 சதவீதம். 1967இல் 59.8 சதவீதம். இரண்டே ஆண்டில் அந்த மக்களின் அறிவு ஒன்பது மடங்கு வளர்ந்துவிடவில்லை. வினாத்தாளை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த வரலாறு கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது. தீய எண்ணத்தோடு திருத்தினார்கள், விடை தவறாயிற்று. அடுத்துச் சொல்லப் போவதில் யாருக்கும் தீய எண்ணம் கிடையாது. அதனாலேயே அது நமக்கு இன்னும் நெருக்கமானது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு தேர்தலையும் ஒட்டி மக்களிடம் விரிவான ஆய்வு நடத்துகின்றன. அதில் அரசியல் அறிவைச் சோதிக்கும் கேள்விகளும் உண்டு. 2000ஆம் ஆண்டில், வில்லியம் ரென்க்விஸ்ட் என்ற பெயரைச் சொல்லி அவர் வகிக்கும் பதவி என்ன என்று கேட்டார்கள். அவர் அப்போது உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் சரியாகச் சொன்னதாக முடிவு வந்தது. மக்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அறிஞர்கள் கவலைப்பட்டுக் கட்டுரை எழுதினார்கள்.

ஜேம்ஸ் கிப்சன், கிரிகரி கால்டெய்ரா என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மக்கள் சொன்ன மூல விடைகளையே எடுத்துப் படித்தார்கள். 'உச்ச நீதிமன்ற நீதிபதி' என்று ஏராளமானோர் சொல்லியிருந்தார்கள். அத்தனையும் தவறு என்று திருத்தப்பட்டிருந்தது! 'தலைமை நீதிபதி' என்றும் 'உச்ச நீதிமன்றம்' என்றும் இரண்டும் வந்தால்தான் சரி என்பது விடைக்குறிப்பு. நாம் அரை மதிப்பெண்ணாவது போட்டிருப்போம். அங்கே அரை மதிப்பெண் கிடையாது. தெரியும், தெரியாது என்ற இரண்டே கட்டங்கள். இந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரு நாட்டு மக்களின் அறியாமை என்று எண்ணியிருந்ததில் ஒரு பங்கு, திருத்திய முறையின் குறை.

இன்னொன்றும் கவனியுங்கள். இத்தகைய ஆய்வுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அரசியல் அறிவு குறைவு என்று முடிவு தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஜெஃப்ரி மோண்டாக், மேரி ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 2004இல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். உறுதியாகத் தெரியாதபோது பெண்கள் 'தெரியாது' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆண்கள் குருட்டாம்போக்கில் ஏதாவது ஒன்றைச் சொல்கிறார்கள். குருட்டாம்போக்கிலும் சில சரியாகிவிடும். அந்த இடைவெளியில் ஏறத்தாழ பாதி இப்படி வந்தது என்று அவர்கள் கண்டார்கள். எட்டாம் வகுப்பில் கேள்வி கேட்டதும் கை தூக்குபவர்கள் யார், தெரிந்தும் கையைத் தூக்காமல் இருப்பவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாயாடிப் பையனுக்கு அரசியல் தெரியும், அமைதியான பெண்ணுக்குத் தெரியாது என்று நாம் ஒரு பட்டியல் மனத்தில் வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள்.

செய்தித்தாள்களில் அவ்வப்போது ஒரு செய்தி வரும்: அமெரிக்கர்களில் மூன்றில் ஒருவர்தான் குடியுரிமைத் தேர்வில் தேறுவார் என்று. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு 36 சதவீதம் என்றது. வந்தேறிகளுக்குத் தெரிந்தது சொந்த மக்களுக்குத் தெரியவில்லை என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். இரண்டையும் ஒப்பிடுவதே முறையில்லை. விண்ணப்பதாரர் மாதக்கணக்கில் விடையோடு படித்துவிட்டுப் போகிறார். தோற்றால் குடியுரிமை போய்விடும் என்ற பயம் இருக்கிறது. மற்றவரையோ வேலைக்கு நடுவில் நிறுத்திக் கேட்கிறார்கள். முன்னறிவிப்பு இல்லாத தேர்வையும், பத்து நாள் விடுமுறை விட்டு நடத்தும் தேர்வையும் ஒரே தட்டில் வைப்பதுபோலத்தான் இது. அங்கே எட்டாம் வகுப்புக்கு ஒரு தேசிய மதிப்பீடும் உண்டு, நம் தேசிய அடைவு ஆய்வைப் போல. 2022இல் 22 சதவீதம் பேரே குடிமையியலில் எதிர்பார்த்த தேர்ச்சி நிலையை எட்டினார்கள். அதில் எந்தப் பிள்ளைக்கும் தனி மதிப்பெண் கிடையாது. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த மானி.

இந்தக் கவலையில் அரிசோனா மாநிலம் 2015இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குடியுரிமைத் தேர்வின் அதே நூறு கேள்விகளில் 60க்குச் சரியாக விடை எழுதினால்தான் பள்ளிப் படிப்பை முடித்ததாகச் சான்று என்றது அந்தச் சட்டம். தேறும்வரை எழுதலாம். வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. எனக்கு இதில் ஈர்ப்பு இல்லை. வாசலில் கேட்பதற்கென்று எழுதிய கேள்விகளை, வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளையிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அதே நாட்டில் மேல்நிலை மாணவர்களுக்கு 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. 'அமெரிக்க அரசும் அரசியலும்' அதில் ஒரு பாடம். 55 பலவுள் தெரிவு வினாக்கள். நான்கு விரிவான வினாக்கள். பாதிக்குப் பாதி மதிப்பு. படிக்க வேண்டிய ஆவணங்களும் தீர்ப்புகளும் முன்கூட்டியே பட்டியலாக இருக்கும். அந்தப் பட்டியலில் ஒன்று 'டிங்கர் எதிர் டிமோய்ன்'. வியட்நாம் போரில் இறந்தவர்களுக்குத் துக்கம் காட்டிச் சில மாணவர்கள் 1965 டிசம்பரில் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்கு வந்தார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு வயது 13. இடைநீக்கம் செய்தார்கள். பள்ளி வாசலில் பேச்சுரிமையைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியதில்லை என்ற கருத்தில் உச்ச நீதிமன்றம் 1969இல் மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இதை நாம் எப்படிக் கேட்போம்? 'டிங்கர் வழக்கின் தீர்ப்பு வெளியான ஆண்டு ____' என்று கோடிட்ட இடம். அவர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள். மாணவர் கேள்விப்பட்டிராத இன்னொரு வழக்கின் சுருக்கத்தைக் கொடுத்துவிடுவார்கள். இதற்கும் டிங்கர் வழக்குக்கும் பொதுவான அரசமைப்பு விதி எது, தீர்ப்பு ஏன் வேறுபட்டது என்று எழுத வேண்டும். இன்னொரு வினாவில் ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு வாதிட வேண்டும். எந்தப் பக்கம் நின்றாலும் சரி. சான்று காட்ட வேண்டும். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதை எழுதி அதற்குப் பதில் சொன்னால் அதற்கென்று தனியாக ஒரு மதிப்பெண். எதிராளியின் வாதத்தைக் காதுகொடுத்துக் கேட்டதற்கு மதிப்பெண்! எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அந்தத் தேர்வு கட்டணம் கட்டி எழுதுவது, எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டுவதில்லை என்ற குறையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என் ஒன்பதாம் வகுப்பில் இப்போது பருவத்துக்கு ஒரு வினா இப்படிக் கேட்கிறேன். புதிய சூழல் ஒன்றைக் கொடுத்துவிட்டு, எந்த அடிப்படை உரிமை இதில் வருகிறது, எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று. திருத்த நேரம் பிடிக்கிறது, மறுக்கவில்லை. 42 தாளுக்கு இரண்டு மாலை ஆகிறது. ஆனால் மெல்லக் கற்போர் என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் பட்டியலிலிருந்து மூன்று பேர் அந்த வினாவில் மட்டும் முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஒருத்தி பஞ்சாயத்துக் குடிநீர்க் குழாய் விவகாரத்தைக் கொண்டுவந்து சமத்துவ உரிமைக்கு விளக்கம் எழுதினாள். எழுத்துப்பிழை நிறைய. கருத்தில் பிழை இல்லை.

பேச்சு போதும். உங்கள் ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு தாள் வைத்திருக்கிறேன். கேள்வி, நான் முன்பு சொன்ன அதே கேள்வி: 'ஒரு செனட்டர் யாருடைய பிரதிநிதி?' ஐந்து விடைகள் இருக்கின்றன. பயிற்சிக்காக நானே எழுதியவை.

முதல் விடை: 'மாநில மக்கள் அனைவருக்கும்.' இரண்டாவது: 'மாநிலக் குடிமக்களுக்கு.' மூன்றாவது: 'மாநிலத்துக்கு.' இதைத் திருத்தும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1913இல் 17ஆவது சட்டத்திருத்தம் வரும்வரை செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன, நம் மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுவதைப் போல. நான்காவது: 'எங்க ஊர் எம்.பி. மாதிரி, ஆனா தொகுதிக்கு இல்ல, ஒரு மாநிலம் முழுசுக்கும்.' ஐந்தாவது: 'தெரியாது' என்று எழுதி அடித்துவிட்டு, கீழே சிறிய எழுத்தில் 'மக்களுக்கு' என்று எழுதியிருக்கிறது.

விடைக்குறிப்பு நான் தரவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு மதிப்பெண்ணுக்கு. மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். ஐந்து நிமிடம். பக்கத்தில் இருப்பவர் போட்டதைப் பார்க்க வேண்டாம். முடித்ததும் தாளை வலப்பக்கத்து மேசைக்கு மாற்றிவிடுங்கள்.